வட்டமாகத் தெரிவதெல்லாம் விண்கல் பள்ளமா: எந்தச் சோதனையை முதலில் செய்வது?

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் வட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. வளைந்த ஏரிக்கரை, வெங்காயத் தோல் மாதிரி உரிந்து நிற்கும் மொட்டைப் பாறைக் குன்று, ஊத்தங்கரைப் பக்கம் சாமல்பட்டியைச் சுற்றிக் கிடக்கும் சயனைட், பைராக்சினைட் என்னும், பூமிக்கடியில் குழம்பு இறுகி உண்டான பாறைகள் என்று ஆளாளுக்கு ஒரு வளையம் காட்டலாம். அதில் ஒன்றைப் பார்த்து, இது பழங்காலத்தில் விண்கல் விழுந்து பிறகு மண் மூடிப்போன பள்ளமாக இருக்குமோ என்று சந்தேகப்படுவதில் தவறில்லை. கல்லூரி ஜியாலஜி மாணவர்களோ அறிவியல் மன்றமோ அதைச் சோதிக்கக் கிளம்பினால், கையில் இருக்கும் கொஞ்சம் காசையும் இரண்டு வார விடுமுறையையும் எதில் போடுவது என்பதுதான் கேள்வி. வழிகள் ஆறு இருக்கின்றன: பாறையை நேரில் பார்ப்பது, தின் செக்ஷன் (கல்லை மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பது), போர்வெல் தகவலும் துளையிலிருந்து வரும் கல் சில்லும், ஈர்ப்பு அளவீடு, காந்த அளவீடு, கோர் டிரில்லிங் (பாறையைத் துளைத்து உருளைத் துண்டாக வெளியே எடுப்பது). ரசாயனச் சோதனை ஏழாவதாக ஓரமாக நிற்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பாறை வெளியே தெரிகிற இடமென்றால் காசு முழுவதும் தின் செக்ஷனுக்குப் போகட்டும். மண் மூடிய இடமென்றால் முதலில் அக்கம்பக்கத்துக் கிணறுகளின் கேசிங் ஆழம், அடுத்து போர் சில்லு, அதற்குப் பிறகுதான் ஈர்ப்பை அளக்கும் கிராவிமீட்டர். காந்த அளவீட்டை இந்த வட்டாரத்தில் தள்ளிவைக்கலாம்.

ஏன் இந்த வரிசை என்பதற்கு ராஜஸ்தானின் பாரன் மாவட்டத்தில் இருக்கும் ராம்கட் நல்ல உதாரணம். சமவெளியின் நடுவே தனியாக நிற்கும் அந்த மலை வளையத்தை 1869-லேயே மாலட் என்ற நிலவியலாளர் குறித்துவைத்தார். கண்ணுக்கு எதிரே நிற்கிற வட்டம்தான். ஆனாலும் விண்கல் மோதியதுதான் காரணம் என்பதற்குப் பாறையிலிருந்தே ஏற்கத்தக்க சான்று வந்து, உலக ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்ள 2020 வரை ஆனது. மத்தியப் பிரதேசம் ஷிவ்புரி மாவட்டத்தின் தாலா இன்னும் பொருத்தமான கதை. 170 கோடி ஆண்டுக்கும் 250 கோடி ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் உண்டான பள்ளம் அது. பெரும்பகுதி அரித்துப்போய், மிச்சத்தின் மேல் விந்தியப் படிவுப் பாறை ஏறிக்கிடக்கிறது. அங்கே தெரிந்த உருகுபாறையை, அதாவது மோதலில் உருகி மறுபடி இறுகிய பாறையை, பல காலம் எரிமலைப் பாறை என்றே எண்ணினார்கள். 2008-ல் ஜயந்த பதி குழுவினர் குவார்ட்ஸ் மணிகளில் அதிர்ச்சிக் கோடுகளை, அதாவது மோதலின் அழுத்தம் மணிக்குள் பதித்த மெல்லிய கோடுகளைக் காட்டிய பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. மெக்சிகோவின் சிக்சுலூபும் அப்படித்தான். எண்ணெய் நிறுவனத்துக்காக எடுத்த காந்த அளவீட்டில் 1978-லேயே வளையம் தெரிந்துவிட்டது. பழைய எண்ணெய்க் கிணற்றின் கோர் துண்டில் அதிர்ச்சி பட்ட குவார்ட்ஸைப் பார்த்து 1991-ல் கட்டுரை வந்த பிறகுதான் நம்பினார்கள்.

ஆக, ஈர்ப்பும் காந்தமும் செயற்கைக்கோள் படமும் தேட வேண்டிய இடத்தைச் சொல்லும். சாட்சி சொல்ல வேண்டியது கல்தான். அதிலும் நம் ஊரில் வெங்கச்சங்கல் என்று சொல்லும் குவார்ட்ஸ்.

குவார்ட்ஸை ஏன் இவ்வளவு நம்புகிறோம்? பூமிக்குள் 25 கிலோமீட்டர் ஆழத்தில்கூட மேலே கிடக்கும் பாறையின் பாரம் 0.7 கிகாபாஸ்கல்தான். குவார்ட்ஸ் மணிக்குள் அதிர்ச்சிக் கோடு விழ ஏறத்தாழ 10 கிகாபாஸ்கல் வேண்டும், அதுவும் நொடிக்கும் குறைந்த நேரத்தில். மலை எழும்பினாலும் எரிமலை வெடித்தாலும் அந்த அழுத்தம் வராது. சுமார் 35 கிகாபாஸ்கலைத் தாண்டினால் குவார்ட்ஸ் வடிவம் மாறாமலேயே கண்ணாடியாகிறது. 50, 60-க்கு மேல் பாறை முழுவதும் உருகிவிடும். இன்னொரு வசதியும் உண்டு. கிரானைட்டில் குவார்ட்ஸோடு சேர்ந்திருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மழையிலும் வெயிலிலும் மக்கிக் களிமண்ணாகிவிடும், குவார்ட்ஸ் மக்காது. செம்மண்ணில், ஓடை மணலில், போர் தூளில் எல்லாவற்றிலும் பிடிவாதமாகக் கிடக்கும்.

நேரில் பாறை பார்க்கும் வழிக்குச் செலவு பஸ் காசுதான். தேட வேண்டியது ஷேட்டர் கோன்: ஒரு முனையிலிருந்து குதிரைவால் மாதிரி விரிந்து இறங்கும் வரிகளுள்ள கூம்புப் பிளவு. கண்ணால் பார்த்தே ஏற்றுக்கொள்ளப்படும் ஒரே சான்று அது. ஆனால் நம் வட்டாரத்தில் இரண்டு இடைஞ்சல் உண்டு. கிருஷ்ணகிரியின் நைஸ் என்ற பட்டை பட்டையான பாறை பருமணி கொண்டது, அதில் ஷேட்டர் கோன் ஒழுங்காக உருவாகாது. நுண்மணிப் பாறையில்தான் அழகாக வரும். ஆகவே வட்டத்துக்குள் கறுப்புக் கிரானைட் என்று விற்கும் டோலரைட் டைக் (பிளவுக்குள் குழம்பு புகுந்து சுவர் போல இறுகிய பாறை) ஏதாவது ஓடினால் அதன் உடைமுகத்தை முதலில் பாருங்கள். டைக் மோதலுக்கு முந்தியதாக இருக்க வேண்டும் என்பது தனி நிபந்தனை. இங்குள்ள டைக்குகளில் பல 200 கோடி ஆண்டைத் தாண்டியவை என்பதால் அது பெரிய கவலை இல்லை.

இரண்டாவது இடைஞ்சல் குவாரி. வெடி வைத்த துளையைச் சுற்றி விரிசல்கள் விசிறி மாதிரி ஓடும். புதிதாகப் பார்ப்பவர் கண்ணுக்கு அது ஷேட்டர் கோன் போலவே இருக்கும். பக்கத்தில் அரைவட்டக் குழாய் போலத் துளையின் தடம் தெரிந்தால் அந்தக் கல்லை விட்டுவிடுங்கள். பாறை நழுவிய தளத்தில் விழும் உராய்வு வரிகளும் ஏமாற்றும். அவை ஒன்றுக்கொன்று இணையாக ஓடும், ஒரு முனையிலிருந்து விரியாது. கூம்புகள் பாறைக்குள்ளும் தொடர்கின்றனவா என்று உடைத்துப் பார்க்க வேண்டும். மேற்பரப்பில் மட்டும் இருந்தால் அது அரிப்பின் வேலை.

கையில் ஒரு சொட்டுப்புட்டி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், 10 சதவீதம், வைத்துக்கொள்வது நல்லது. சாமல்பட்டி, ஒகேனக்கல் இரண்டு இடத்திலும் கார்பனடைட் இருக்கிறது. பூமிக்கடியிலிருந்து கார்பனேட் குழம்பு பீறி வந்து இறுகிய பாறை அது. அதன் ஓரங்களில் மற்றப் பாறைத் துண்டுகளைப் பொறுக்கிக் கட்டிய மாதிரி பிரெக்சியா கிடக்கும், விண்கல் பிரெக்சியா என்று யாரும் ஏமாறலாம். சிமென்ட் போல இடையில் நிற்கும் பகுதியில் அமிலம் விட்டு நுரைத்தால் கார்பனேட். டோலமைட்டாக இருந்தால் கட்டியாக நுரைக்காது. கத்தியால் சுரண்டிப் பொடியாக்கி அதன் மேல் ஒரு சொட்டு விட வேண்டும்.

அடுத்து தின் செக்ஷன். கல்லைச் சீவி, கண்ணாடித் தகட்டில் எபாக்சி வைத்து ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமன் வரும்வரை தேய்ப்பது. ஜியாலஜி துறையுள்ள கல்லூரிகளில் இதைச் செய்யும் பட்டறை இருக்கும். கல்லை ஆய்வகத்துக்குக் கைமுஷ்டி அளவில் கொடுத்தால் போதும், கிலோ கணக்கில் சுமந்து போகத் தேவையில்லை. 10 இடத்திலிருந்து 10 கல், ஒவ்வொன்றிலும் 3 தகடு, மொத்தம் 30 தகடு என்பது ஆரம்பத்துக்குச் சரியான அளவு. ஒரே கல்லில் 30 தகடு போட்டுப் பயனில்லை.

நுண்ணோக்கியில் 200 மடங்குக்கு மேல் வைத்துப் பார்க்கும்போது தேட வேண்டியது இதுதான்: ஒரே மணிக்குள் நேரான, மிக மெல்லிய கோடுகள், ஒன்றுக்கொன்று 2 முதல் 10 மைக்ரான் இடைவெளியில், கட்டுக்கட்டாக. ஒரு கட்டு ஒரு திசையில், இன்னொரு கட்டு அதைக் குறுக்கே வெட்டி. பழைய பாறையில் அந்தக் கோட்டின் இடத்தில் வரிசையாகக் குட்டிக் குமிழிகள் நிற்கும், ஊசியால் குத்திய புள்ளிக் கோலம் மாதிரி. மலை எழுச்சியால் நெளிந்த குவார்ட்ஸிலும் கோடு வரும். அது தடித்திருக்கும், வளைந்திருக்கும், பெரும்பாலும் ஒரே திசையில்தான் போகும். நம் சார்னோகைட், நைஸ் பாறைகளில் இந்த இரண்டாம் வகை நிறைய உண்டு. முதல் நாளிலேயே ‘கிடைத்துவிட்டது’ என்று குதிப்பவர்கள் பார்த்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இதைவிட அற்பமான தவறு ஒன்று உண்டு: தேய்த்தபோது விழுந்த கீறல். வேறுபடுத்த எளிய வழி, கோடு எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. கீறல் ஒரு மணியைத் தாண்டி அடுத்த மணிக்குள்ளும், சில சமயம் ஓரத்து எபாக்சிக்குள்ளும் ஓடும். அதிர்ச்சிக் கோடு மணியின் எல்லையில் நின்றுவிடும், அடுத்த மணியில் திசையே வேறாக இருக்கும். தகடு தடிமனாக இருந்தாலும் சிக்கல். குவார்ட்ஸ் சாம்பல் நிறத்துக்குப் பதில் மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும் என்று பட்டறைக்குத் திருப்பி அனுப்புங்கள். உறுதி செய்ய, கோடுகளின் கோணத்தைக் குவார்ட்ஸ் படிக அச்சோடு ஒப்பிட்டு அளக்கும் யுனிவர்சல் ஸ்டேஜ் வேண்டும். அந்த அளவு இல்லாத படத்தை ஆய்விதழ்கள் ஏற்காது.

டோலரைட்டில் குவார்ட்ஸ் கிட்டத்தட்ட இல்லை என்பதால் அதைத் தின் செக்ஷனுக்கு முதல் கல்லாக எடுக்க வேண்டாம். மகாராஷ்டிரத்தின் லோனார் இந்தப் பிரச்சினையைத்தான் எதிர்கொண்டது. 1.8 கிலோமீட்டர் அகலமான அந்தப் பள்ளம் முழுக்க எரிமலைப் பாறையான பசால்டில் இருப்பதால் எரிமலை வாய் என்றே நினைக்க இடமிருந்தது. ஏரியின் அடியில் துளையிட்டு, பிளேஜியோகிளேஸ் என்ற ஃபெல்ட்ஸ்பார் வகை கண்ணாடியாக மாறிய மாஸ்கலினைட்டைக் காட்டி 1973-ல் சந்தேகத்தைத் தீர்த்தார்கள். குவார்ட்ஸ் இல்லாத இடத்தில் வேலை அவ்வளவு கூடும்.

இதுவரை சொன்னது வெளியே தெரியும் பாறைக்கு. புதைந்த பள்ளம் என்றால் கதையே வேறு. அதற்கு முன் இங்கே எதன் அடியில் புதையும் என்று யோசிக்க வேண்டும். சிக்சுலூபின் மேல் நூற்றுக்கணக்கான மீட்டர் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. தாலாவுக்கு விந்தியப் படிவு. தருமபுரி, கிருஷ்ணகிரியில் அப்படிப் போர்வையே இல்லை. செம்மண், கிராவல், மக்கிய பாறை, அவ்வளவுதான். அதற்குக் கீழே பூமியின் ஆழத்தில் உருவாகி அரிப்பால் மேலே வந்த பாறை. 3 கிலோமீட்டர் அகலப் பள்ளத்தின் நொறுங்கிய பகுதி சுமார் 1 கிலோமீட்டர் ஆழம்தான் போகும், அவ்வளவு அரிப்பு நடந்திருந்தால் அது சுவடில்லாமல் போயிருக்கும். ஆக இங்கே மிஞ்சியிருக்க வேண்டுமானால் அது பெரியதாக இருக்க வேண்டும் அல்லது இளையதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் உறுதி செய்யப்பட்ட விண்கல் பள்ளம் இதுவரை ஒன்றுகூட இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு செலவைத் தொடங்குவது நல்லது.

மண் மூடிய இடத்தில் நமக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது: போர்வெல். தண்ணீருக்காக இந்த இரண்டு மாவட்டத்திலும் நிலத்தைத் துளைத்த அளவுக்கு எந்த ஆய்வுத் திட்டமும் துளைக்கப் போவதில்லை. போர் போட்ட விவசாயியிடம் கேட்க வேண்டிய கேள்வி, ‘தண்ணி எத்தனை அடியில வந்துச்சுங்க?’ என்பதல்ல. ‘கேசிங் எத்தனை அடி இறங்குச்சுங்க?’ என்பதுதான். மண்ணும் மக்கிய பாறையும் சரியாமல் இருக்கத்தான் கேசிங் குழாய், கெட்டிப் பாறை வந்ததும் அது நின்றுவிடும். அப்படியென்றால் கேசிங் ஆழம் என்பது கெட்டிப் பாறை தொடங்கும் ஆழம். குழாய்க்கு அடிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்திருப்பதால் அந்த எண்ணைப் பலர் மறப்பதில்லை, ரசீதும் இருக்கும்.

வட்டத்துக்கு உள்ளே 20, வெளியே 20 கிணறு என்று 40 எண்களைச் சேகரித்து வரைபடத்தில் போடுங்கள். வெளியே 30, 40 அடியில் நின்று, உள்ளே நடுவை நோக்கிப் போகப்போக 80, 120, 150 என்று இறங்கினால் கிண்ணம் மாதிரி ஏதோ இருக்கிறது என்று பொருள். உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி என்றால் அங்கேயே வேலையை முடித்துக்கொள்ளலாம், பைசா செலவில்லை. ஆழமான எண்கள் வட்டமாக வராமல் ஒரு கோட்டில் நீளமாக வந்தால் அது பிளவு மண்டலம் அல்லது பழைய ஓடைத் தடம். இந்த வட்டாரத்தில் அதற்கான வாய்ப்பே அதிகம்.

கிண்ணம் தெரிந்தால் அடுத்தது சில்லு. வட்டத்துக்குள் யாராவது புதிதாகப் போர் போடும் நாளில், வண்டிக்காரரிடமும் நிலத்துக்காரரிடமும் சொல்லிவிட்டு, துளையின் வாயில் வலைச் சல்லடையைப் பிடித்து 10 அடிக்கு ஒரு கைப்பிடி எடுத்துக் கழுவிப் பையில் போடுவதுதான் வேலை. பையின் மேல் மட்டும் எழுதினால் ஈரத்தில் அழிந்துபோகும், பென்சிலில் எழுதிய சீட்டு ஒன்றை உள்ளேயும் போடுங்கள். ராடு மாற்றி மறுபடி காற்று விட்டதும் முதலில் வருவது மேலிருந்து உதிர்ந்தது, அதை விட்டுவிட்டு எடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்று உடைந்த பிறகு வருவது சேறு. எல்லா ஆழமும் கலந்துவிடுவதால் அதற்குப் பிந்தைய பைகளைத் தனியாக வையுங்கள், அவற்றை வைத்து முடிவு சொல்லாதீர்கள். பிட் தேய்ந்திருந்தால் சில்லுக்குப் பதில் மாவுதான் வரும். 1 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துண்டு இல்லாத பை தின் செக்ஷனுக்கு உதவாது. சில்லுகளை எபாக்சியில் கட்டியாக உறையவைத்து, அந்தக் கட்டியைச் சீவித் தகடாக்குவார்கள். பார்க்கும் முறை அதே.

கோரோடு ஒப்பிட்டால் சில்லில் ஒரு பெரிய குறை உண்டு. பாறை எந்தப் பாறையோடு எப்படிச் சேர்ந்திருந்தது என்பது தெரியாது. பிரெக்சியாவை உடைத்துச் சல்லியாக்கினால் அதுவும் சாதாரணச் சல்லிதான். கோர் எடுத்தால் உருகுபாறைக்குள் மிதக்கும் கிரானைட் துண்டை அப்படியே கையில் பிடித்துப் பார்க்கலாம். ஆனால் 47 மில்லிமீட்டர் விட்டமுள்ள கோருக்கு வைர பிட், தனி ரிக், நாட்கணக்கில் கூலி எல்லாம் வேண்டும். அதனால் சொந்தமாகப் போடுவதை யோசிக்கும் முன் பிறர் போட்டதைத் தேடுவதே புத்திசாலித்தனம். தாலாவில் யுரேனியம் தேடி அணுக் கனிம இயக்ககம் போட்ட துளைகளின் கோர்தான் ஆய்வுக்குக் கைகொடுத்தது. சிக்சுலூபுக்கு எண்ணெய்க் கிணறு. இங்கே கிரானைட் குவாரி திறப்பதற்கு முன் நிறமும் விரிசலும் பார்க்கக் கோர் எடுப்பவர்கள் உண்டு, ஷெட்டில் கிடக்கும் அந்தப் பெட்டிகளைப் பார்க்க அனுமதி கேட்கலாம்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மேன்சன் பள்ளத்தில் தண்ணீரே துப்புக் கொடுத்தது. பனியாறு கொண்டுவந்து கொட்டிய மண்ணின் அடியில் புதைந்த, சுமார் 35 கிலோமீட்டர் அகலப் பள்ளம் அது. சுற்றிலும் கடின நீர், மேன்சன் ஊர்க் கிணற்றில் மட்டும் மென்னீர், ஏனென்றால் மோதலில் ஆழத்துக் கிரானைட் நடுவில் மேலே எழும்பி நின்றது. 1966-ல் அந்தக் குவார்ட்ஸிலும் அதிர்ச்சிக் கோட்டைக் காட்டினார்கள். இதைப் படித்துவிட்டு இங்கே தண்ணீர்ச் சோதனை எடுக்க ஓட வேண்டாம். நம்முடையது முழுக்கக் கிரானைட், நைஸ் நிலம், வேறுபாடு வர வழியில்லை. தருமபுரித் தண்ணீரின் ஃப்ளூரைடு அந்தப் பாறையிலிருந்தே வருகிறது, வட்டத்துக்கு உள்ளேயும் வரும், வெளியேயும் வரும்.

ஈர்ப்பு அளவீடு நல்ல கருவி, ஆனால் அலட்சியத்தை மன்னிக்காது. நொறுங்கிய பாறை கெட்டிப் பாறையைவிட இலேசு, அதனால் பள்ளத்தின் மேல் ஈர்ப்பு சற்றுக் குறையும். கன சென்டிமீட்டருக்கு 0.3 கிராம் இலேசான பாறை 100 மீட்டர் தடிமனுக்குப் பரந்து கிடந்தால் குறைவு சுமார் 1.25 மில்லிகால் (ஈர்ப்பை அளக்கும் அலகு). இதே கருவியை 1 மீட்டர் மேடான இடத்தில் வைத்தாலே, திருத்தங்கள் போக, ஏறக்குறைய 0.2 மில்லிகால் மாறும். செல்போன் ஜிபிஎஸ் உயரத்தில் 5, 6 மீட்டர் பிசகுவது சாதாரணம். அப்படியென்றால் நீங்கள் தேடும் பள்ளம் முழுவதும் அந்தப் பிழைக்குள் காணாமல் போகும். டிஜிபிஎஸ் என்ற துல்லியமான ஜிபிஎஸ் அல்லது லெவலிங் கருவியால் 10 சென்டிமீட்டருக்குள் உயரம் எடுக்க முடியாவிட்டால் கிராவிமீட்டரை வாடகைக்கு எடுக்காதீர்கள்.

3 கிலோமீட்டர் வட்டமென்றால் நடுவில் குறுக்கிடும் இரண்டு கோடுகள், ஒவ்வொன்றும் 9 கிலோமீட்டர், 200 மீட்டருக்கு ஓர் இடம். சுமார் 90 இடங்கள் வரும். கோட்டை வட்டத்தோடு நிறுத்திவிடுவது பலர் செய்யும் தவறு. வெளியே இயல்பான அளவு எவ்வளவு என்று தெரியாமல் உள்ளே குறைவு என்று சொல்ல முடியாது. கருவியின் அளவு தானாகவே நகரும் என்பதால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்து அளக்க வேண்டும். வத்தல்மலை மாதிரி மலையடிவாரமாக இருந்தால் மலையின் இழுப்புக்கும் திருத்தம் போட வேண்டும். இவ்வளவும் செய்து வட்டமான குறைவு கிடைத்தாலும், அடியில் இலேசான கிரானைட்டோ சயனைட்டோ ஊடுருவியிருந்தாலும் அதே படம்தான் வரும். கேசிங் கணக்கும் ஈர்ப்பும் ஒரே இடத்தைக் காட்டினால் மட்டும் அடுத்த படிக்குப் போகலாம்.

காந்த அளவீடு மலிவு, வேகம், ஒரே நாளில் பல கிலோமீட்டர் நடக்கலாம். அதனால்தான் எல்லோரும் அதைத் தொடுகிறார்கள். ஆனால் இங்கே டோலரைட் டைக்குகளின் இழுப்பு மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். போதாக்குறைக்கு மின்கம்பி, பம்புசெட், கேசிங் இரும்பு. காந்தப்புலம் நம் அட்சரேகையில் ஏறத்தாழக் கிடையாகப் படுத்திருப்பதால், வடக்கு நாடுகளின் பாடநூல் படத்தை வைத்து ஒப்பிட்டாலும் தப்பாகும். அங்கே மேடாகத் தெரிவது இங்கே பள்ளமாகத் தெரியும்.

விண்கற்களில் அதிகமாக இருக்கும் இரிடியம் என்ற உலோகத்தைத் தேடும் ரசாயனச் சோதனையை உருகுபாறை கையில் வந்த பிறகு யோசித்தால் போதும். விண்கல்லின் பங்கு உருகுபாறையிலேயே பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவு. சாமல்பட்டி மாதிரி அல்ட்ராமாஃபிக் (மக்னீசியமும் இரும்பும் மிகுந்த) பாறை உள்ள இடத்தில் இரிடியம் இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருப்பதால், அந்த எண்ணை வைத்துச் செய்தித்தாளுக்குப் போவது வம்பு.

எந்த வழியில் போனாலும் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும்போது வட்டத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளி, அதே வகை நைஸ் பாறையிலிருந்து நாலைந்து கல்லைச் சேர்த்து அனுப்புங்கள். எது எங்கே எடுத்தது என்று நுண்ணோக்கியில் பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது, வெறும் எண் மட்டும். தள்ளி எடுத்த கல்லின் தகடுகளிலும் ‘அதிர்ச்சிக் கோடு’ என்று குறித்து வந்தால், மற்றத் தகடுகளை வேறொருவரிடம் கொடுத்து முதலிலிருந்து பார்க்கச் சொல்ல வேண்டியதுதான்.